பின்னால் வருகிறவன்

புனிதவதி இப்போது மொழிபெயர்ப்பு வேலைக்குப் போவதில்லை. சுவிஸின் வில் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் முழு நாளும் நிற்கிறாள். கிழங்கு உரிக்கிறாள், சூப்புக்கு உப்புப் பார்க்கிறாள், பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அந்த நல்ல வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு, "களைச்சுப் போனன்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறாள். அது சுத்தப் பொய். அவள் களைக்கிற பிறவி இல்லை. நடந்தது வேறு. நம்புவதும் விடுவதும் கேட்பவர்கள் பாடு.

1992இல், இருபத்தொரு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்கு டொச்சில், ஜேர்மன் மொழியில், ஒரு சொல்லும் தெரியாது. படிப்பித்தது பள்ளிக்கூடம் இல்லை, குடியிருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்த உடுப்புத் தோய்க்கிற மெசின். இன்ன வீட்டுக்கு இன்ன நாள் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அதை அரை மணித்தியாலம் மீறினாலும் கதவைத் தட்டிச் சண்டைக்கு வருகிற கிழவி ஒருத்தி மேல்மாடியில் இருந்தாள். அவளோடு கிழமைக்கு ஒரு தடவை மல்லுக்கட்டியே புனிதவதியின் டொச் வளர்ந்தது. இரண்டு வருடத்தில் கிழவி வாயடைத்துப் போனாள். அதன் பிறகு ஊர்ச் சனம் டொக்டரிடம் போகவும் வீசாக் கந்தோருக்குப் போகவும் இவளைக் கூட்டிக்கொண்டு போனது. கடைசியில் மாநில அரசான கன்டோனே பரீட்சை வைத்து, கழுத்தில் போட ஒரு அட்டையும் கொடுத்து, மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

அந்த வேலைக்கு மூன்று விதிகள். ஒரு சொல்லையும் விடக் கூடாது, ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக் கூடாது. மூன்றாவது, விசாரணை முடிந்ததும் டொச்சில் எழுதிய வாக்குமூலம் முழுவதையும் சொன்னவருக்கே தமிழில் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்த பிறகுதான் அந்தப் பேச்சு அவருடையது ஆகும். அதுவரைக்கும் அது அந்தரத்தில் நிற்கும்.

இருபத்தாறு வருடத்தில் புனிதவதி எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள். அடிபட்ட மனைவியாகவும் அடித்த புருசனாகவும் ஒரே காலையில் இருந்திருக்கிறாள். சிவப்பு விளக்கில் கார் ஓட்டியிருக்கிறாள், வயிற்றில் கல் வைத்திருந்திருக்கிறாள். "நீ வீட்டில மட்டும்தான் நீயா இருக்கிறாய், அதுவும் ஏச்சு வாங்கிற எனக்குத்தான் தெரியும்" என்று அவள் கணவன் சிவநேசன் பகிடி விடுவார். அவளும் சிரிப்பாள். ஒருவருடைய பேச்சும் இரவு அவளோடு வீட்டுக்கு வந்ததில்லை.

போன நவம்பரில் சென் காலன் நகரத்தில் ஒரு மேன்முறையீட்டு விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். முறையிட்டவர் யோகராஜா, ஐம்பத்தேழு வயது, நகைக்கடைக்காரர். தாலிக்கொடி, கைச்சங்கிலி, பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் போடுகிற சாமத்தியவீட்டுச் செற் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டி விற்பவர். இன்டர்லாக்கன் வரைக்கும் ரயிலில் போவார், கோயில் திருவிழா என்றால் திரிம்பாக்குக்கும் போவார். அவர் கேட்டது ஒரு பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க அனுமதி.

இந்த நாட்டில் வீட்டில் துவக்கு வைத்திருப்பவர்கள் ஏராளம். இராணுவத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் வருகிற பொடியன்களை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் குண்டு போட்ட பிஸ்டலோடு சந்தியில் திரிவது வேறு சங்கதி. அதற்குத் தனி அனுமதி வேண்டும், பரீட்சை இருக்கிறது. இன்ன ஆபத்து எனக்கு உண்டு, வேறு வழியில் அதைத் தடுக்க முடியாது என்று நம்பும்படி காட்டவும் வேண்டும். அதற்கும் மேலே, சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதத்தைத் தொடவே கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இலங்கையும் உண்டு. முப்பத்தைந்து வருடம் இங்கே வாழ்ந்தும் யோகராஜா பழைய கடவுச்சீட்டை மாற்றவில்லை. விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

அவருடைய பெண் வழக்கறிஞர் ஃபிராவ் ஷேரர் விடுகிற ஆள் இல்லை. "சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. பிறந்த நாட்டை வைத்து ஒருவருடைய உயிரைக் குறைத்து மதிக்க ஒரு பட்டியலால் முடியாது. அரசு கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது" என்று மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். விசாரணை அதிகாரி ஹெர் ஹூபர் எல்லாவற்றையும் பொறுமையாகத் தட்டச்சு செய்தார். நரைத்த மீசை, நிதானமான மனுசன்.

"பட்டியலை ஒரு பக்கம் வைப்போம்," என்றார் ஹூபர். "உங்கள் கடை இரண்டு தடவை உடைக்கப்பட்டது. இரண்டு தடவையும் உள்ளே ஒருவரும் இல்லை. இடுப்பில் இருக்கிற பிஸ்டல் பூட்டிய கடையைக் காப்பாற்றாது. நகைப் பெட்டியோடு போகும்போது உங்களை ஒருவரும் மறித்ததில்லை. தெருவில் உங்களுக்கு என்ன ஆபத்து?"

புனிதவதி அதைத் தமிழில் சொன்னாள். யோகராஜா கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்குப் பின்னால ஒருத்தன் வாறான்," என்றார்.

புனிதவதி டொச்சில் சொன்னாள், விதிப்படி: எனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான்.

"எவ்வளவு காலமாக?"

"கனகாலம். முந்தி வருசத்துக்கு ஒருக்கா. இப்ப ஒவ்வொரு நாளும். நான் திரும்பிப் பாக்கிறேல்ல. கடைக் கண்ணாடியில தெரிவான். பொடியன்தான், இருபது வயது இருக்கும். வெள்ளைச் சேட், கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டினது. பனி கொட்டினாலும் ஜக்கெட் இல்லை. காற்சட்டையில, வலது காலில, சைக்கிள் கிளிப் போட்டிருப்பான்."

"சைக்கிளில் வருவானா?"

"இல்லை. நடந்துதான் வருவான்."

ஹூபர் அதையும் தட்டச்சு செய்தார். "ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

யோகராஜா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "தெரியாது" என்றார். இதற்கு முன் எப்போதாவது ஆயுதம் வைத்திருந்தீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று மிக வேகமாகச் சொன்னார். புனிதவதி இரண்டையும் அவரைப் போலவே சொன்னாள், ஒன்றைத் தாமதித்து, மற்றதை வேகமாக.

நேரம் போய்விட்டது. திருப்பி வாசிக்க ஒரு மணித்தியாலம் ஆகும், கட்டடம் நாலரைக்கு மூடப்படும். வாசிப்பை இரண்டு கிழமைக்குத் தள்ளிவைத்தார் ஹூபர். கையெழுத்து வைக்கப்படாத ஆறு பக்கம் கோப்புக்குள் போனது. புனிதவதியின் வாழ்க்கையில் ஒரு வாக்குமூலம் திருப்பி வாசிக்கப்படாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அந்த 'நான்' இன்னும் யோகராஜாவுடையது ஆகவில்லை, சொன்ன அவளிடமே நின்றது.

ரயிலுக்கு நடக்கும்போது மூடுபனி தெருவை நிறைத்திருந்தது. ஒரு வங்கிக் கட்டடத்தின் கண்ணாடியைக் கடந்தபோது தன் உருவத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்ததாக நினைத்தாள். நின்றாள், கண்ணாடியில் உற்றுப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டிய சேட். வலது காலில் கிளிப்.

புனிதவதிக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். கேட்ட கதை மூளையில் ஒட்டிக்கொண்டது, போய் நித்திரை கொண்டால் சரியாகிவிடும் என்று தன்னையே பேசிக்கொண்டாள். ஆனால் மறுநாள் சூப்பர்மார்க்கெட்டில் அவள் உள்ளே போன பிறகு தானியங்கிக் கதவு இன்னொரு தடவை திறந்து, ஒருவர் நுழைகிற நேரம் பொறுத்து, மூடியது. பஸ்சில் அவள் ஏறின பிறகும் சாரதி கதவைச் சாத்தாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த இளைஞர் ஏறவில்லையா?" என்று கேட்டான். அவள் கடைசி இருக்கைக்குப் போய், முதுகைச் சுவரோடு ஒட்டி இருந்தாள்.

வீட்டுக்குள் அவன் வரவில்லை. கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பான் போல. சிவநேசனிடம் சொன்னாள். அவர் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒருத்தரும் இல்லை. ஆனா உதில நிக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். அன்று அவர் பகிடி விடவில்லை.

எட்டாம் நாள் வேலைக்குப் போகும்போது கிழங்கு உரிக்கிற சின்னக் கத்தியைக் கைப்பையில் வைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்கவில்லை. வைத்ததும் நெஞ்சு கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தது, அது உண்மை. ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையில் நடக்கையில் பின்னால் வேகமாகக் காலடி கேட்டது. ஒரு கை தோளைத் தொட்டது. புனிதவதி திரும்பியபோது கத்தி அவள் கையில் இருந்தது. எதிரே ஒரு இளம் தாய், ஒரு கையில் பிள்ளை வண்டி, மற்றக் கையில் புனிதவதி விழுத்திய கையுறை. அந்தப் பெண் கத்தியைப் பார்த்தாள், பிறகு புனிதவதியின் முகத்தைப் பார்த்தாள். கையுறையை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் பின்னாலேயே போனாள்.

புனிதவதி சுவரோடு சாய்ந்து அழுதாள். இது ஒரு கிழங்குக் கத்தி. அந்த யோகராஜாவின் இடுப்பில் பிஸ்டல் இருந்தால் இந்தப் பிள்ளை வண்டி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாள். ஃபிராவ் ஷேரரின் வாதம் நல்ல வாதம், ஹூபர் கொஞ்சம் இளகித்தான் இருந்தார், பின்னால் வருகிறவனைப் பற்றிய அந்த ஆறு பக்கம்தான் அவரை இளக்கியது. அதை அவருக்கு நம்பும்படி சொன்ன வாய் புனிதவதியுடையது.

கண்ணைத் துடைத்துவிட்டு, யோகராஜா இத்தனை வருடத்தில் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். கண்ணாடியைத் தேடாமல் நேரே திரும்பினாள்.

அவன் ஆறடி தள்ளி நின்றான். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கந்தோரில் வரிசையில் நிற்கிறவர்களுடைய முகம்.

"என்ன வேணும் உமக்கு?" என்றாள் புனிதவதி.

"அக்கா, நீங்கள் மற்ற ஆக்களுக்காகக் கதைக்கிறனீங்கள்தானே?"

"ஓம்."

"எனக்கும் ஒருக்காக் கதைப்பியளோ? அந்த அண்ணைக்குப் பின்னால எவ்வளவு காலம் திரிஞ்சிட்டன். அவர் திரும்பிறார் இல்லை."

பிறகு அவன் சொன்னான். சனம் அவர்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் சூரிச் ரயில் தாமதம் என்றார்கள், அவன் தன்பாட்டில் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். புனிதவதி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நான் விதிக்கு மாறா நடந்தா என்ர வேலை போகும் தம்பி," என்றாள். அவன் "ஓம் அக்கா" என்றான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பாள்.

இரண்டாம் முறை கந்தோரின் காத்திருக்கும் அறையில் யோகராஜா ஆளே மாறியிருந்தார். தலைமயிர் வெட்டி, முகம் தெளிந்து, நல்லாய் நித்திரை கொண்டவருடைய கண்கள்.

"தங்கச்சி, இப்ப ஆள் வாறதில்லை. அண்டைக்கு இஞ்ச சொன்னதோட சரி," என்றார் குனிந்து.

"அண்ணை, நாங்கள் உள்ளுக்குத்தான் கதைக்கலாம்." பிறகு மனம் கேட்காமல், "அப்ப அனுமதி இனி வேண்டாம்தானே?" என்றாள்.

"சீ, அது இருக்கட்டும். இடுப்பில ஒண்டு இருந்தா ஒரு தெம்பு."

உள்ளே அதே மேசை, அதே ஆறு பக்கம். புனிதவதி வாசித்தாள். எனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான் என்ற இடத்தில் யோகராஜா பிறருடைய கதையைக் கேட்பவர் போலத் தலையாட்டினார். ஃபிராவ் ஷேரர் பேனையை அவர் பக்கம் தள்ளி வைத்தார். ஐந்து பக்கத்தில் கையெழுத்து விழுந்தது.

"சேர்க்கவோ திருத்தவோ ஏதாவது உண்டா?" என்று ஹூபர் கேட்டார். யோகராஜா இல்லை என்றார். ஆறாம் பக்கம் மட்டும் மிச்சம்.

கோட்டுகளைக் கொழுவி மாட்டியிருந்த மூலையில் அவன் நின்றான். அவனும் காத்திருந்தான். புனிதவதி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதே வாசிப்புக் குரலில், அதே வேகத்தில், தமிழில் தொடர்ந்தாள். மற்ற இருவருக்கும் அவள் இன்னும் வாசிக்கிறாள் என்றே இருந்தது.

"என்ர பேர் குலேந்திரன். மானிப்பாய். எண்பத்தெட்டு மாசி மாதம், ரியூசன் முடிஞ்சு வாற வழியில நீங்கள் என்னைச் சந்தியில மறிச்சனீங்கள். சேட்டைத் தூக்கி இடுப்பில கிடந்த பிஸ்டலைக் காட்டினனீங்கள். சைக்கிளைத் தா எண்டனீங்கள், தந்தன். பிறகும் விடேல்ல. கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனியள். சுட்டதைப் பற்றிக் கேக்க நான் வரேல்ல அண்ணை. கண்ணைக் கட்டினபடியா நான் எங்க கிடக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. அம்மா இன்னும் விறாந்தையில லைற்றை அணைக்கிறேல்ல. எனக்கு வீட்டுக்குப் போற வழி தெரியேல்ல. அதைத்தான் இவ்வளவு காலமும் கேக்க வாறன்."

யோகராஜாவின் கையிலிருந்து பேனை விழுந்தது. அவர் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார், முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவை, கோட்டுக் கொழுவியிருந்த மூலையைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, எழும்ப முயன்று முடியாமல் அப்படியே இருந்துவிட்டார்.

"எனக்கும் அப்ப இருபது வயதுதான்," என்றார் தமிழில். "இயக்கத்தில பிஸ்டல் தந்தாங்கள். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்ல, எங்க வேணுமெண்டாலும் கொண்டு திரிஞ்சன். நான்தான் சுட்டனான். ஓம். நான்தான்."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹூபர்.

புனிதவதி ஒரு மூச்சு எடுத்தாள். பிறகு டொச்சில், முதலாம் ஆளில், ஒன்றையும் விடாமல் சொன்னாள். நான்தான் சுட்டேன் என்று அவள் சொன்னபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஃபிராவ் ஷேரர் கோப்பை மூடினார்.

ஹூபர் விரல்களை விசைப்பலகைக்கு மேலே அப்படியே வைத்திருந்தார். "நான் கேள்வி எதுவும் கேட்கவில்லையே. அவர் எதற்குப் பதில் சொல்கிறார்?"

"நான் வாக்குமூலத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னேன்," என்றாள் புனிதவதி. "தெரிந்துதான் செய்தேன்."

"அப்படியென்றால் இன்றைக்குப் பிறகு உங்களைக் கூப்பிட முடியாது. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் மீசையைத் தடவினார். இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிற மனுசன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் படிவத்திலே உள்ளபடி அடுத்ததைக் கேட்டார்: அந்த நபரின் பெயர், அவர் இருக்கும் இடம். பெயரைப் புனிதவதி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். இடத்தை அவள் யோகராஜாவிடம் கேட்டாள்.

"அண்ணை, அவர் எங்க இருக்கிறார் எண்டு கேக்கிறார்."

யோகராஜா ஹூபரைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தே சொன்னார், வழி கேட்கிற ஒருவனுக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி. மறித்த சந்தியிலிருந்து மேற்கால, புல்வெளிக்கு ஊடாகப் போகிற தரவை றோட்டு. இரண்டாவது மதகு தாண்டி இடப்பக்கம் ஒடுங்கின ஒரு கையொழுங்கை. அது முடிகிற இடத்தில் மூன்று பனை. பனைக்குப் பின்னால் பாவிக்காத தோட்டக் கிணறு, கல்லுப் போட்டு மூடியது. அங்கேயிருந்து மானிப்பாய்க்கு நடந்தால் முக்கால் மணித்தியாலம்.

புனிதவதி அதை ஒரு சொல்லும் விடாமல் டொச்சில் சொன்னாள்.